அலமாரியும் கரையானும்

தாண்டிக்குடி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் மழையோடு மழையாக வந்து சேர்ந்தது. கோத்தகிரி வீட்டை விற்றுவிட்டு மகனோடு கோவைக்குப் போவதென்பது உனக்கு எளிதான முடிவாக இருந்திருக்காது. அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். அப்பாவின் அலமாரியை எனக்கு அனுப்புவதாகவும், அதன் அடியில் கடுகைவிடச் சிறிய மணிகள் உதிர்ந்து கிடப்பதாகவும், அது கரையானாகவே இருந்தாலும் பழனிமலைக் கரையானோடு சம்பந்தம் செய்துகொண்டு போகட்டுமே என்றும் எழுதியிருந்தாய். நீ விளையாட்டாகத்தான் எழுதினாய். முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவனால் அதை விளையாட்டாக விட முடியவில்லை.

அந்த மணிகளைக் கைக்கண்ணாடியில் பார். ஆறு பட்டையாக இருந்தால் அது உலர்மரக் கரையானின் எச்சம். என் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் மண்ணைப் பூசிக்கொண்டு ஏறுகிற கரையான் வேறு; அதற்கு ஈர மண் வேண்டும், புற்றுக்குள் காளான் பயிரிட்டு உண்ணும். உலர்மரக் கரையானுக்கோ மண்ணே தேவையில்லை. ஒரு நாற்காலிக் காலுக்குள் முழுக் குடும்பமும் அடங்கிவிடும்.

உங்கள் நீலகிரிக்கும் எங்கள் பழனிமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. உங்கள் மலையின் சோலைக்கிளியும் (பெயரில்தான் கிளி, அது ஒரு சிறு நீலப் பறவை) எங்கள் மலையின் சோலைக்கிளியும் இன்று தனித்தனி இனங்களாக எண்ணப்படுவது அதனால்தான். ஆனால் குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத பறவைக்குத்தான் கணவாயின் வெம்மை தடை. சமவெளியிலும் வாழக்கூடிய கரையானுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. முதல் மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றுகிற ஈசலின் சிறகு வலுவற்றது, சிறிது தூரத்திலேயே உதிர்ந்துவிடும். அது நெடுந்தூரம் போயிருந்தால், பெரும்பாலும் யாரோ சுமந்து போயிருக்கிறார்கள் என்றே பொருள்.

இதற்கு நான் அறிந்த நல்ல சான்று நாசுட்டிடெர்மிஸ் கார்னிகர் என்ற அமெரிக்க வெப்பமண்டலக் கரையான். மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினாவின் வடபகுதி வரை மரங்களில் கூடு கட்டும் இதன் சிப்பாய்களுக்குத் தலை முன்னே கூராக நீண்டு, பிசினைப் பீய்ச்சும். கரீபியன் தீவுகளில் இருந்ததற்கு வேறு பெயர், நியூ கினியில் இருந்ததற்கு இன்னொரு பெயர் என்று நெடுங்காலம் நூல்களில் இருந்தது. உயிரணுவுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருந்து, தாய்வழியாக மட்டுமே இறங்கிவரும் மரபணுக்களையும் உடலமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, கரீபியன் கரையான் தனி இனமன்று என்றும், பசிபிக் பெருங்கடலுக்கு அப்பால் நியூ கினியில் இருந்ததும் அதுவே என்றும் 2005-இல் ஆய்வாளர்கள் முடிவுகட்டினார்கள். எது தாயகம், எது குடியேறிய இடம் என்பதற்கும் மரபணுவே துப்புத் தரும்: பொதுவாக ஓர் உயிரின் பூர்வீக நிலத்தில் மரபு வேறுபாடு மிகுந்திருக்கும்; சிலர் மட்டும் போய்க் குடியேறிய இடத்தில் அது குறுகியிருக்கும். ஊரில் பல கிளைகளாக விரிந்த வமிசம், அயலூரில் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகளாக நிற்பது போலத்தான். இந்தக் கரையானின் ஒரே கூட்டில் முப்பதுக்கு மேற்பட்ட ராணிகள் இருந்ததைப் பனாமாவில் கண்டிருக்கிறார்கள். அத்தனை ராணிகள் முட்டையிடும் கூட்டுக்கு வேரூன்ற எவ்வளவு நாளாகும்? 2001-இல் புளோரிடாவின் டானியா கடற்கரையில் இது கண்டுபிடிக்கப்பட்டது. ஒழித்தாயிற்று என்று நம்பியிருந்த பிறகும் மறுபடி தலைகாட்டியது.

உன் அலமாரிக்கு நெருங்கிய கதை கிரிப்டோடெர்மிஸ் பிரெவிஸ் என்பதன் கதை. பெரு, சிலி நாடுகளின் கடலோரப் பாலைவனம்தான் அதன் தாயகம். மற்ற நாடுகளில் அது ஏறக்குறைய மனிதர் கட்டிய கட்டடங்களிலும் மரச்சாமான்களிலும் மட்டுமே வாழ்கிறது. கப்பலில் ஏறிய நாற்காலியும் பெட்டியும்தான் அதன் சிறகு.

ஆகவே அலமாரியை வத்தலக்குண்டு லாரியில் ஏற்றிவிடாதே. அதைக் கோவையில் ஒரு பூச்சிக்கட்டுப்பாட்டாரிடம் காட்டி, மரத்தின் உள்வரை மருந்து சேரும்படி செய்தபின் அனுப்பு. அதுவரை அந்த மணிகளில் ஒரு சிட்டிகையை மட்டும் மருந்துக் குப்பியில் அடைத்துத் தபாலில் போடு. உயிரோடு எதுவும் உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழன்