டிக்கெட் கிழிக்க மட்டுமா மாணவர்கள்?

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கு,

வணக்கம். மார்கழி இசை சீசனுக்கு மாணவத் தொண்டர்களைச் சேர்க்கப் போகிறீர்கள். மேடை நிர்வாகத்திலும் ஒலி அமைப்பிலும் இருக்கும் நாங்கள் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறோம்.

பதினைந்து நாள் டிக்கெட் கிழித்தவருக்கு 'சிறப்பாகத் தொண்டாற்றினார்' என்று ஒரு சான்றிதழ் தருகிறீர்கள். வேலை கேட்டுப் போகும் இடத்தில் அது செல்லாது. ஒரு மாணவருக்கு ஒரே பொறுப்பு, தொடர்ந்து ஐந்து நாளாவது கொடுங்கள். முதல் நாள் பார்க்கட்டும், மறுநாள் கூட நின்று உதவட்டும், மூன்றாம் நாள் தானே செய்யட்டும். தினமும் இடம் மாற்றினால் எப்போதும் முதல் நாள்தான்.

மேடையை எடுத்துக்கொள்வோம். நாலு மணிக் கச்சேரி 6.10-க்கு முடிந்து 6.30-க்கு அடுத்தது என்றால் கையில் இருப்பது இருபது நிமிடம். அதற்குள் மேடையை அடுத்த கச்சேரிக்கு மாற்ற இரண்டு பேர் போதும். நான்கு பேர் நின்றால் கால் தடுக்கும். ஒருவர் மைக், கேபிள் மட்டும் பார்க்க வேண்டும். மிக்ஸரில் (எல்லா மைக்குகளின் ஒலியையும் கட்டுப்படுத்தும் பலகை) அந்த மைக்கின் சேனலை அணைக்கும்வரை கேபிளைப் பிடுங்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். அவசரத்தில் பிடுங்கினால் அரங்கம் முழுக்க 'டமார்' என்று கேட்கும், ஸ்பீக்கரும் கெடலாம். கேபிளை முழங்கையில் முறுக்கிச் சுற்றினால் உள்கம்பி அறும். வளையம் வளையமாகச் சுற்றப் பழக்குங்கள். கலைஞர்கள் தங்கள் ஒலியைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் முகம் மைக்கின் பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். திரும்பினால் ஊளையிடலாம்.

மற்றவர் கலைஞர்களைக் கவனிக்கட்டும். பாடகரின் சுருதி எத்தனை கட்டை (எந்த உயரத்தில் பாடுகிறார்) என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைக்க வேண்டும். மிருதங்கக்காரர் தொப்பியில் (மிருதங்கத்தின் இடது முகம்) ரவை ஒட்ட ஒரு கிண்ணம் தண்ணீரும் கை துடைக்கத் துணியும் தயாராக இருக்கட்டும். வாத்தியத்தைக் கேட்காமல் தூக்கக் கூடாது, தாண்டவும் கூடாது. ஏசியைக் கச்சேரிக்கு அரை மணி முன்பே போட்டுவிடுங்கள். சுருதி சேர்த்த பிறகு குளிர் ஏறினால் மிருதங்கத் தோல் மாறி, மறுபடி சுருதி சேர்க்கப் பாதிப் பாட்டில் சுத்தியல் வெளியே வரும்.

வாசலுக்கும் பயிற்சி வேண்டும். பாட்டு நடுவே கதவைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் கைதட்டலில் உள்ளே விடலாம். தனி ஆவர்த்தனத்தில் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) கேன்டீனுக்குக் கிளம்பும் கூட்டத்தை யாராலும் நிறுத்த முடியாது. கதவு அடித்துக்கொள்ளாமல் கையால் பிடித்திருந்தாலே பாதி உபகாரம்.

இசை படிக்கும் மாணவர் இருந்தால் கச்சேரி விவரங்களை எழுதும் பதிவு மேசையில் உட்கார வையுங்கள். பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர், தொடங்கிய நிமிடம் என்று ஐந்து கட்டம். ராகம் தெரியாவிட்டால் காலியாக விட்டுப் பிறகு கலைஞரிடம் கேட்கலாம்; ஊகித்து எழுதினால் அந்தத் தப்பு ஆவணத்திலேயே தங்கிவிடும்.

சான்றிதழில் என்ன வேலை, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்ற மூன்றும் இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கேன்டீன் டோக்கனும் போக்குவரத்துச் செலவும் அன்றன்றே கொடுங்கள். இரவுக் கச்சேரி ஒன்பதரைக்கு முடிந்தால், ஜமுக்காளம் மடிக்க மாணவிகளை நிறுத்தி வைக்காதீர்கள். பல கல்லூரிகளில் டிசம்பரிலும் செமஸ்டர் தேர்வு நடக்கும். தேர்வு அட்டவணையை வாங்கிப் பார்த்த பிறகே முறைப்பட்டியல் போடுங்கள். இல்லையென்றால் சீசன் நடுவில் ஆள் இருக்காது.

இப்படிக்கு,
மேடை, ஒலிப் பணியாளர்கள்