சாப்ளினின் பக்கத்து வீட்டுக்காரர்கள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குச் சர்க்கரை ஒரு கட்டுக்குள் வந்திருப்பது பெரிய நிம்மதி. இன்சுலினைப் பேரன் போட்டால்தான் வலிக்கவில்லை என்று அவர் அடம்பிடிப்பதைப் படித்து இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நம் வீட்டில் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. சின்னவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. கிளம்பும்போது டிவியில் யூடியூப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள், அப்பாவுக்குப் பொழுது போகட்டுமே என்று. பொழுது நன்றாகவே போகிறது, தூக்கம்தான் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்க வைக்கிறவன் கொஞ்சம் அழவும் வைத்தால்தான் கலைஞன் என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். காலேஜ் நாளிலிருந்து இதையே சொல்கிறாய். சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ கடைசிக் காட்சியில், முன்பு பார்வை இல்லாதிருந்த பூக்காரப் பெண் கையைத் தொட்டே அவனை அடையாளம் கண்டுகொள்வாளே, அதை எடுத்துப் போட்டு என் வாயை அடைப்பாய். இந்தத் தடவை நான் விடுவதாக இல்லை. ஏனென்றால் கொஞ்ச நாளாக நான் பார்ப்பதெல்லாம் மௌனப் படம் ஓடிய சாப்ளின் காலத்தில் அவருக்குப் பக்கத்திலேயே கொடிகட்டிப் பறந்தவர்களை. ஒருத்தர்கூட நம்மிடம் கண்ணீர் கேட்கவில்லை. பரிதாபப்படுங்கள் என்று ஒரு பார்வைகூடக் கிடையாது. அதற்காக அவர்கள் ஒரு மாற்றுக் குறைந்தவர்கள் என்று நீ சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் சார்லி சேஸ். சொந்தப் பெயர் சார்லஸ் பாரட், 1893இல் பால்டிமோரில் பிறந்தவர். ஹாலிவுட்டில் காமெடிப் படம் எடுத்த ஹால் ரோச் கம்பெனிக்காரர். லாரல் ஹார்டி பியானோவைப் படிக்கட்டில் ஏற்றிச் சாவார்களே, அந்தப் படத்தை இயக்கிய ஜேம்ஸ் பாரட் இவருடைய தம்பி. சேஸுக்குத் தொப்பி, கிழிந்த சட்டை, விசித்திர நடை எதுவும் கிடையாது. ஒல்லியாக, உயரமாக, மீசையும் கோட்டுமாக ஒரு ஆபீஸ் கிளார்க் போல இருப்பார். மானம் போய்விடுமோ என்ற பயம் ஒன்றுதான் அவருடைய மூலதனம்.

1926இல் வந்த ‘மைட்டி லைக் எ மூஸ்’ என்ற இரண்டு ரீல் படத்தைப் பார். புருஷனுக்குப் பல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பெண்டாட்டிக்கு மூக்கு ரொம்பப் பெரிது. ஒருவருக்கொருவர் சொல்லாமல் இரண்டு பேரும் போய்ச் சரிசெய்துகொள்கிறார்கள். வெளியே வந்து எதிரெதிரே பார்க்கிறார்கள், அடையாளம் தெரியவில்லை. யாரோ அழகான அந்நியர் என்று இருவருமே சபலப்படுகிறார்கள்! வீட்டில் இருக்கிற பாவப்பட்ட ஜீவனுக்குத் துரோகம் செய்கிறோமே என்று இருவருக்கும் குற்ற உணர்ச்சி வேறு. கடைசியில் புருஷனுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. பெண்டாட்டிக்குப் பாடம் கற்பிக்கிறேன் என்று ஆரம்பிக்கிறார். பொய்ப்பல்லை மாட்டினால் புருஷன், கழற்றினால் காதலன். இரண்டு பேருக்கும் சண்டை நடக்கிறது என்று அவளை நம்ப வைக்க வேண்டும், ஆனால் இருப்பது ஒரே ஆள். ஒரு பக்கம் புருஷனாக ஓடி மறைந்து, மறுபக்கம் காதலனாக வந்து குத்து வாங்குகிறார். இல்லாத ஆளின் அடிக்கு உடம்பு துள்ளுவதை மட்டும் கவனி. மூன்று தடவை ரீவைண்ட் செய்தேன். மரு ஒட்டிக்கொண்டால் வேறு ஆள் என்று நம்பிய பரம்பரை நாம், நமக்கு இது இன்னும் ருசிக்கும்.

இயக்கியவர் லியோ மெக்கேரி. 1933இல் மார்க்ஸ் சகோதரர்களின் ‘டக் சூப்’ எடுத்தாரே, அவரேதான். அதில் கண்ணாடி இல்லாத இடத்தில் கண்ணாடி இருப்பதுபோல ஒருவன் இன்னொருவனின் அசைவைக் காப்பியடிப்பான், ஞாபகம் இருக்கிறதா? அதே சங்கதி 1921இலேயே மேக்ஸ் லிண்டரின் ‘செவன் இயர்ஸ் பேட் லக்’ படத்தில் இருக்கிறது. வேலைக்காரன் ஆளுயரக் கண்ணாடியை உடைத்துவிடுகிறான். முதலாளிக்குத் தெரியக்கூடாது என்று, கொஞ்சம் அவர் சாயலில் இருக்கும் சமையல்காரனைக் கண்ணாடிச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்துகிறார்கள். முதல் நாள் குடித்த மப்போடு லிண்டர் ஷேவ் செய்ய வருகிறார். இவர் சோப்பு நுரை பூசினால் அவனும் பூசுகிறான். மேடையில் முன்பே இருந்த வித்தைதான், ஆனால் லிண்டர் முகத்தில் சந்தேகம் மெல்ல ஏறுகிற அழகு மார்க்ஸ் சகோதரர்களிடம் இல்லை என்பேன். நீ மறுப்பாய், மறு.

லிண்டர் போர்தோ பக்கத்துப் பிரெஞ்சுக்காரர். 1905 வாக்கில் பாதே என்ற பிரெஞ்சுப் படக் கம்பெனியில் சேர்ந்து, பட்டுத்தொப்பியும் கைத்தடியுமாகச் சாப்ளினுக்கு முன்பே உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர். சாப்ளினே தன் போட்டோவில் ‘பேராசிரியருக்கு, சீடன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். 1925இல் லிண்டரும் மனைவியும் தற்கொலை செய்துகொண்டார்கள். மகள் மோட் அப்போது 16 மாதக் குழந்தை. வளர்ந்த பிறகு அப்பாவின் படங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பதையே அவர் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். அந்தப் பெண் தேடியிராவிட்டால் இன்று நாம் பார்ப்பதில் பாதி இருந்திருக்குமா தெரியாது.

ரேமண்ட் கிரிஃபித்தும் பட்டுத்தொப்பிக்காரர். 1926இல் ‘ஹேண்ட்ஸ் அப்!’ என்று அமெரிக்க உள்நாட்டுப் போரை வைத்து ஒரு படம். அதே போரை வைத்துப் பஸ்டர் கீட்டன் எடுத்த ‘தி ஜெனரல்’ வந்ததும் அதே வருஷம்தான். இவர் தெற்குப் பக்கத்து ஒற்றன். சுட்டுக் கொல்லச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறார்கள். மனுஷன் பதறவில்லை. தட்டுகளை எடுத்து ஆகாயத்தில் வீசுகிறார், சிப்பாய்கள் பழக்கதோஷத்தில் அதைக் குறிபார்த்துச் சுடுகிறார்கள். அவர் உடுப்பில் ஒரு கசங்கல் இல்லை. ஓடுவதும் விழுவதும் மற்றவர்கள், இவர் சும்மா நின்று லேசாகச் சிரிப்பார். சின்ன வயதிலேயே குரல் கெட்டுக் கிசுகிசுப்பாகத்தான் பேச முடிந்தவர், பேசும்படம் வந்ததும் நடிப்பு முடிந்துபோனது. கடைசியாக 1930இல் ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ படத்தில் குண்டு விழுந்த பள்ளத்துக்குள் கத்திக்குத்துப்பட்டுச் சாகும் பிரெஞ்சுச் சிப்பாயாக வருவார், ஒரு வசனமும் இல்லாமல். இதை நீ உடனே பிடித்துக்கொள்வாய் என்று தெரியும். பிடித்துக்கொள். ஆனால் அது அவருடைய காமெடி இல்லை.

சார்லி பவர்ஸை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றே புரியவில்லை. கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தவர், 1926இல் தானே நடிக்க வந்தார். ‘நவ் யு டெல் ஒன்’ படத்தில் எதை வேண்டுமானாலும் விளைய வைக்கும் மருந்து கண்டுபிடிக்கிறார். காதலியின் வீட்டில் எலித் தொல்லை. துப்பாக்கி வைத்திருக்கும் எலியடா! இவர் ஒரு செடியை நட்டு மருந்தைப் பூசுகிறார். கிளை நுனியில் மொட்டு உப்புகிறது, மயிர் முளைக்கிறது, காது வருகிறது, கடைசியில் வாலோடு ஒரு பூனை. ஒன்றல்ல, கிளைக்குக் கிளை. பொம்மையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி ஒவ்வொரு ஃப்ரேமாக எடுத்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவரை உலகம் சுத்தமாக மறந்துபோயிற்று. பிரான்சில் துலூஸ் சினிமா காப்பகத்துக்கு வந்த டப்பாக்களில் ‘பிரிக்கோலோ’ என்ற பிரெஞ்சுப் பட்டப்பெயர்தான் இருந்ததாம், அதிலிருந்து துப்புத் துலக்கித்தான் ஆளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்னொருத்திக்கு அந்தத் துப்பும் இல்லை. 1910 முதல் 1912 வரை பாதே எடுத்த லெயோன்தின் படங்களில் வரும் வாலு. பொம்மைக் கப்பல் விடுவதற்காகக் குழாயைத் திறந்துவிட்டு வீட்டையே குளமாக்குகிறாள். நடித்த பெண் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நீ பெரியவர்கள் என்று பட்டியல் போடும்போது இதையும் யோசி. சாப்ளின் 1918 முதல் எடுத்த படங்களின் உரிமையைத் தானே வைத்துக்கொண்டார், பிறகு இசை சேர்த்து மறுபடி வெளியிட்டார். மற்றவர்களின் படங்கள் கம்பெனி கிடங்கில் கிடந்தன. நைட்ரேட் ஃபிலிம், தீப்பிடிக்கும், உளுத்துத் தூளாகும். பேசும்படம் வந்த பிறகு அதைக் காப்பாற்றி என்ன லாபம் என்று விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் எடுத்த கிட்டத்தட்ட 11,000 முழுநீள மௌனப் படங்களில் வெளிவந்த வடிவத்திலேயே மிஞ்சியது 14 சதவீதம்தான் என்று 2013இல் அவர்களுடைய நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் கணக்குப் போட்டது. கிரிஃபித்தின் ‘பாத்ஸ் டு பாரடைஸ்’ கிடைக்கிறது, கடைசி ரீல் இல்லை. நாமும் மெச்சிக்கொள்ள வேண்டாம், தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ எங்கே?

பார்க்கும்போது இரண்டு விஷயம். மட்டமான காப்பிகளில் எல்லாரும் தடதடவென்று ஓடுவார்கள். அந்தக் காலத்தில் பல படங்களைக் கையால் சுற்றி எடுத்தார்கள், நொடிக்கு 16, 18 ஃப்ரேம் என்று. அதை 24இல் ஓட்டினால் அப்படித்தான் ஆகும். ரெஸ்டோர் செய்தது எது என்று பார்த்துப் போடு. பின்னணியில் சம்பந்தமில்லாத பியானோ இரைச்சல் இருந்தால் ஒலியை நிறுத்திவிடு. ஆனால் தனியாகப் பார்க்காதே, இது கூட்டத்தோடு சிரிக்க எடுத்த சரக்கு. அம்மாவையும் உட்கார வை. பல் நீட்டிய புருஷன் கதையை அவருக்கு விளக்கவே வேண்டாம்.

அடுத்த வாரம் மைத்துனன் உன் ஊர்ப் பக்கம் வருகிறான். பென் டிரைவில் எல்லாம் போட்டுக் கொடுத்தனுப்புகிறேன். முதலில் சேஸ், அப்புறம் பவர்ஸ். லிண்டரைக் கடைசியில் வை. பார்த்துவிட்டுச் சண்டைக்கு வா. கடிதத்தில் வேண்டாம், பொங்கலுக்கு நேரிலேயே வா. சின்னவளும் அப்போது லீவில் இருப்பாள்.

அன்புடன்,
ராமு