தளபதி மேல ஒரு கீறல்கூட இல்லையே தம்பி

தம்பி,

சாப்பிட்டியா. அங்க மணி என்னன்னு எனக்கு எப்பவும் கொழப்பம்தான், இங்க விடியக்காலம் மூணரை, தூக்கம் வரல, அதான் உக்காந்து தட்டிக்கிட்டு இருக்கேன், வாய்ஸ்ல அனுப்புனா உங்கம்மா முழிச்சிக்குவா. கெணத்து மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. அம்மாவுக்கு மொழங்கால் அப்படியேதான் இருக்கு, தைலம் தேச்சா ஒருநாள் கேக்குது மறுநாள் கேக்கல. வேப்பமரத்துக் கெளைய வெட்டச் சொல்லி பக்கத்து வீட்டுல... சரி அத விடு. நீ போன் பண்ணி பதினேழு நாளாச்சு. கணக்கு நான் வைக்கல, உங்கம்மா காலண்டர்ல புள்ளி வச்சுக்கிட்டு வர்றா.

போன வாரம் பாப்பா வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போனா. இட்லிய பிச்சு பிச்சு தட்டுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அண்ணன்கூட பேசுனியான்னு கேட்டேன், ம்னா. வெளையாட்டு எப்படிப் போகுதுன்னு கேட்டேன், நிப்பாட்டிட்டேன் பெரியப்பான்னா. அவ்வளவுதான், நான் வேற எதுவும் கேக்கல.

அதனால இது உன்னப் பத்தி எழுதுறது இல்ல. பொதுவா எழுதுறேன்.

அந்த வெளையாட்ட எனக்குப் புரிய வச்சதே நீதான். காய் கெடையாது, டைஸ் கெடையாது, டிஸ்கார்டுங்கிற அரட்டை ஆப்புல ஆளாளுக்கு ஒரு கேரக்டர் எடுத்துக்கிட்டு ஒருத்தர் ஒரு பத்தி எழுத அடுத்தவர் அதுக்குப் பதில் எழுத கதை தானா போகும்னு சொன்ன. நான் கேட்டேன், அப்ப தோத்தவன் யாருன்னு எப்படித் தெரியும்னு. நீ சிரிச்ச. இதுல ஓங்குனான்னு எழுதலாம்ப்பா, வெட்டுனான்னு எழுதக் கூடாது, அடி பட்டுச்சா படலையான்னு எதிராளிதான் சொல்லணும்னு சொன்ன. எவ்வளவு மரியாதையான வெளையாட்டுடா இதுன்னு அன்னைக்கு நெனச்சேன். அடுத்தவன் கேரக்டரையும் சேத்து தானே ஆட்டுறதுக்கு காட்மோடிங்னு பேருன்னும் நீதான் சொன்ன, கடவுள் மாதிரி ஆடுறதாம். எங்க வள்ளி திருமண நாடகத்துல கடவுளே அப்படி ஆடல தம்பி. வேடனா வந்து அவகிட்ட வாங்கிக் கட்டிக்கிறான், கெழவனா வந்து தேனும் தெனமாவும் வாங்கித் தின்னு விக்கிக்கிட்டு தண்ணி கேக்குறான், கடைசியில முடியாம அண்ணன யானையா வரச்சொல்லி கெஞ்சுறான். முருகனுக்கே அந்த நெலம.

சரி, பொய் சொல்லக் கூடாது. பாப்பா போனைக் காட்டுனா. நான்தான் காட்டச் சொன்னேன், அவளக் கோவிச்சுக்காத.

கோட்டை வாசல்ல மழை பெய்யிற எடம் ஒண்ணு நீ எழுதிருக்க பாரு, காவக்காரன் ஈட்டி முனையில இருந்து தண்ணி சொட்டுறது, அவ தமிழ்ல சொல்லச் சொல்ல எனக்கு ஒடம்பு சிலிர்த்துப் போச்சு. இதையெல்லாம் எவன்டா உனக்குச் சொல்லிக் குடுத்தான், நம்ம ரத்தம்தான்னு நெனச்சேன், அவகிட்டயும் சொன்னேன். ஆனா மூணு வருசமா நீ ஆடுற அந்தத் தளபதி எத்தனை சண்டைக்குப் போயிருக்கான், அவன் மேல ஒரு கீறல்கூட இல்லையே தம்பி. எவன் அம்பு விட்டாலும் விலகிக்கிறான், எவன் சூழ்ச்சி பண்ணுனாலும் முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கான். அடி வாங்காத ராஜபார்ட்ட சனம் எத்தனை நேரம் பாக்கும்? பொதுவா சொல்றேன்.

அப்புறம் பாப்பா ஆடுற அந்தப் படகுக்காரி. எவனுக்கும் தலை குனியாதவள்னு எட்டு மாசமா பாத்துப் பாத்து எழுதிருக்கா. நீ ஒரே போஸ்டுல, தளபதி கைய ஓங்குனான், படகுக்காரி நடுங்கிப் போயி தலைய குனிஞ்சு மன்னிப்பு கேட்டான்னு எழுதி முடிச்சிட்ட. நீ ஓங்கு, அது உன் கை. அவ குனியறத நீ எப்படி எழுதுவ? அவ ரெண்டு பிராக்கெட் போட்டு, கதைக்கு வெளிய நின்னு, அண்ணே அது என் கேரக்டர் நானே எழுதிக்கிறேனேன்னு எவ்வளவு பணிவா கேட்டிருக்கா, நீ என்னடான்னா கதைக்குத் தேவைப்பட்டுதுன்னு ஒத்த வரியில முடிச்சிட்ட.

கம்ப்யூட்டர் வழியா பல பேரு சேந்து ஆடுற அந்த லாம்டாமூ கதைய எனக்குச் சொன்னது யாரு? அமெரிக்காவுல ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துல இருந்த பாவெல் கர்ட்டிஸ்ங்கிறவர் 1990ல ஆரம்பிச்சது, படம் கெடையாது வெறும் எழுத்துதான், பெரிய வீடு ஒண்ணு, ரூம் ரூமா ஆளுங்கன்னு சொன்ன. 1993ல ஒருத்தன் சூனிய பொம்மை மாதிரி ஒரு புரோகிராம வச்சுக்கிட்டு கூடத்துல நின்னவங்க கேரக்டரெல்லாம் அசிங்கம் பண்ற மாதிரி அவனே வரி வரியா ஓட விட்டிருக்கான், அந்தக் கேரக்டருக்குச் சொந்தக்காரங்க தடுக்க முடியாம பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. அதுல ஒரு பொம்பளை மறுநாள் அதப் பத்தி எழுதும்போது அழுதுக்கிட்டேதான் எழுதுனாங்கன்னு சொல்லி நீ பல்லக் கடிச்ச. கடைசியில ஒரு நிர்வாகி அவன் கேரக்டரையே அழிச்சாரு, அதுக்கப்புறம்தான் ஓட்டுப் போட்டு முடிவெடுக்குற ஏற்பாடு வந்துச்சுன்னு அவ்வளவு நியாயம் பேசுன. நீயும் அவனும் ஒண்ணுன்னு நான் சொல்லல. சத்தியமா சொல்லல. ஓங்கு, வெட்டாத, அவ்வளவுதான் சொல்றேன்.

நான் எழுத வந்தது இது இல்ல.

அந்தப் போஸ்டுக்குக் கீழ இன்னொண்ணு இருந்துச்சு. பாப்பா சட்டுன்னு வெரலால தள்ளிட்டா, ஆனா நான் படிச்சிட்டேன், அந்த அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியும். கல்யாண நிச்சயம் நின்னத அவ மொதல்ல சொன்னது உனக்குத்தான், அவங்கம்மாவுக்குக்கூட அப்புறம்தான். நீ அவளுக்கு அண்ணன். தளபதிக்கு அது எப்படிடா தெரிஞ்சுது?

வைய வரலப்பா. நான் நாடகத்த விட்டது தொண்டை கட்டிப் போனதாலன்னுதான் உனக்குத் தெரியும். ஊருக்கே அப்படித்தான் சொல்லி வச்சேன். அது நெசமில்ல.

ஸ்பெஷல் நாடகம்னா ஒத்திகை கெடையாதுன்னு உனக்கே தெரியும். ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் ஒரு ஊரு, ராத்திரி கொட்டகைக்கு வந்துதான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்போம், விடிய விடிய ஆடிட்டு அவங்கவங்க பஸ் ஏறிடுவோம். பாட்டெல்லாம் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் குடுத்தது, மேடையில எதுக்கெதுக்க நின்னு வாதாடுற தர்க்கம் மட்டும் அவங்கவங்க சாமர்த்தியம். உங்க வெளையாட்டேதான், என்ன, எதுத்தாப்புல ஆயிரம் பேரு உக்காந்திருப்பான்.

நீ மூணு வயசு, அம்மா மடியில தூங்குற. அன்னைக்கு நான் வேடன், வள்ளி திண்டுக்கல்லுல இருந்து வந்த அம்மா. அரிதாரம் பூசிக்கிட்டு இருக்கும்போது டீ வந்துச்சு, குடிச்சுக்கிட்டே அந்தம்மா என்கிட்ட சொல்லுச்சு, புருஷன் வேற ஒருத்திகூட போயி ஆறு மாசம் ஆச்சு அண்ணே, பிள்ளைய ஆத்தாகிட்ட விட்டுட்டு நாடகத்துக்கு வர்றேன்னு. ஒரு மனுசன்கிட்ட சொல்றமேன்னுதான் சொல்லுச்சு. ராத்திரி ரெண்டரைக்குத் தர்க்கம். கந்தபுராணத்துல இருந்து ஒரு கேள்வி போட்டுச்சு பாரு, எனக்குப் பதில் வரல. சனம் கை தட்டுது. திரும்பவும் போட்டுச்சு, திரும்பவும் வரல. பபூன் வேற பக்கத்துல நின்னு சிரிக்கிறான். எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியல, தினைப்புனம் காக்கத் தெரிஞ்சவளுக்குப் புருஷனக் காக்கத் தெரியலையேன்னு சொல்லிட்டேன்.

வள்ளி கன்னிப்பொண்ணு தம்பி. அவளுக்கு ஏது புருஷன்? யாரச் சொல்றேன்னு கொட்டகைக்கே புரிஞ்சு போச்சு, விசில் பறக்குது. ஆர்மோனியக்காரர் கட்டையில வச்ச வெரல எடுக்கல, அந்த ஒத்த சுருதி மட்டும் இழுத்துக்கிட்டே நிக்கிது. அந்தம்மா கையில கவண், கல்லு கீழ விழுந்துருச்சு. கொஞ்ச நேரங் கழிச்சு குனிஞ்சு கல்ல எடுத்துச்சு. எடுத்துட்டு, வேடரே, வழி தப்பி வந்துட்டீங்க, இந்தப் புனத்துல கல்யாணம் ஆகாத பொண்ணு மட்டும்தான் இருக்கான்னு சொல்லுச்சு. வள்ளியாவே சொல்லுச்சு. அதுக்கப்புறம் ஒரு எடத்துல வார்த்தை பிசகல, விடிஞ்சு மாலை மாத்துற வரைக்கும் என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சு ஆடுச்சு. முடிஞ்சதும் தேங்காண்ணெய் போட்டு மூஞ்சியத் தொடச்சுது, சம்பளத்த வாங்குச்சு, பையத் தூக்கிக்கிட்டு போயிருச்சு. என் பக்கம் திரும்பல. நானும் கூப்பிடல. கூப்பிட்டிருக்கலாம், பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்துச்சு. எதிர்த்த டீக்கடையிலதான் உக்காந்திருந்தேன்.

உங்கம்மா ஒம்போது நாள் என்கூட பேசல. அவகிட்ட இதக் கேக்காத.

அப்புறம் நாலு நாடகம் ஆடுனேன். தர்க்கத்துக்கு வந்து நின்னா வாய் வரல. தொண்டைன்னு சொல்லிட்டேன்.

நாப்பத நெருங்குற வயசுல இருக்குற உனக்குப் போயி புத்தி சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ என்ன விட நல்லா எழுதுற, அது எனக்குத் தெரியும், அதுதான் பயமாவும் இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ரொம்ப நேரம் முழிச்சிருந்து எழுதாத, அந்நேரத்துக்கு வர்ற வார்த்தை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

மோட்டாருக்குக் காயில் கட்டக் குடுத்திருக்கேன், பணம் அனுப்ப வேணாம், இருக்கு. மொளகாப்பொடி இடிச்சு வச்சிருக்கா, யாராச்சும் வந்தா குடுத்து விடுறேன். பாப்பா நம்பர மாத்திட்டா, புது நம்பர் என்கிட்ட இருக்கு. உனக்குக் குடுக்கலாமான்னு அவகிட்ட கேட்டேன். குடுங்கன்னுதான் சொன்னா.

அப்பா