பங்குதாரர் பட்டியலில் இல்லாத ஆயா

மதிப்பிற்குரிய ஆட்சிக்குழுவினர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக இருந்து, கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமைச் செவிலியராகப் பொறுப்பு வகித்து ஓய்வு பெற்றவள் நான். கடற்கரைக் கிளையின் பிரசவ வார்டை மூடி மார்த்தாண்டம் பக்கத்துத் தலைமை மருத்துவமனையோடு இணைக்கப் போவதாகவும், அதே நாளில் நோயாளியின் விவரங்களைக் கையால் எழுதும் கேஸ் ஷீட்டை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றப் போவதாகவும் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் பார்த்தேன். மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. படிக்க வேண்டியவர்களுக்கு அது தெரியும்.

சுற்றறிக்கையில் "பங்குதாரர் கூட்டம்" என்று போட்டிருக்கிறீர்கள். நம் குமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையில் உள்ள கடற்கரை ஊர்களில் பங்கு என்றால் என்னவென்று எழுதியவருக்குத் தெரியாது போலிருக்கிறது. அங்கே பங்கு என்பது கத்தோலிக்கக் கோயில் பங்கு. பங்குத்தந்தை, பங்குப்பேரவை, பங்குமக்கள் என்று நாள்தோறும் புழங்கும் சொல் அது. இருபது வருடங்களாகக் கிளையில் இரவுப் பணி பார்க்கும் ஆயா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இது நம் பங்கில் நடக்கிற கூட்டமா, வேறு பங்கிலா?" என்று கேட்டார். விவரம் சொன்னேன். "அப்படியென்றால் எனக்கும் பங்கு உண்டா?" என்றார். பட்டியலை இரண்டு முறை படித்தேன். மருத்துவர்கள், காப்பீட்டு நிறுவனம், மருந்து விநியோகஸ்தர், நன்கொடையாளர், வங்கி எல்லாரும் இருந்தார்கள். ஆயா இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இணைப்பை நான் எதிர்க்கவில்லை. கிளையில் இரவு நேரத்தில் மயக்க மருந்து கொடுக்க மருத்துவர் கிடையாது, ரத்த இருப்பும் கிடையாது. பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, கருங்கல் வழியாக, அவள் வயிற்றை அமுக்கிப் பிடித்தபடியே ஒரு மழை இரவில் நான் போயிருக்கிறேன். அவள் பிழைத்துவிட்டாள். அன்றைக்கே இந்த வார்டை மூடிவிடலாம் என்று சொன்னவள் நான்தான். ஆகவே, மாற்றத்துக்குப் பயந்த கிழவி என்று இந்தக் கடிதத்தை ஒதுக்கிவிடாதீர்கள்.

உங்கள் ஆலோசனை நிறுவனம் பங்குதாரர்களை வகைப்படுத்திக் காட்டிய படத்தில் நான்கு கட்டங்கள் இருந்தனவாம். அதிகாரம் அதிகம், அதிகாரம் குறைவு. அக்கறை அதிகம், அக்கறை குறைவு. நிர்வாகப் பாடத்தில் எங்கும் உள்ள கட்டம்தான், அதில் தவறில்லை. யாரை எந்தக் கட்டத்தில் போட்டார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு. வார்டு ஆயாக்கள், ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லாரையும் மொத்தமாக "அதிகாரம் குறைவு, அக்கறை குறைவு" என்ற மூலையில் தள்ளியிருக்கிறார்கள். பகல் பதினொரு மணிக்கு, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பார்த்தால் அது சரியாகத்தான் தெரியும். இரவு இரண்டு மணிக்கு வந்து பாருங்கள். வலியோடு வந்தவளை முதலில் பார்ப்பது ஆயா. "சிஸ்டர், இவள் முகம் சரியில்லை, டாக்டரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்வதும் அவர்தான். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அந்த நேரத்தில் அந்தக் கட்டடத்தில் வேறு அதிகாரம் கிடையாது.

ஆட்டோ ஸ்டாண்டும் அப்படித்தான். வலி எடுத்தவளின் மாமியார் ஏறி உட்கார்ந்து, "எங்கே போகலாம் தம்பி?" என்று ஓட்டுநரைத்தான் கேட்கிறாள். கணவன் பெரும்பாலும் கடலில் இருப்பான். கிளை மூடியாயிற்று என்று மட்டும் அந்தத் தம்பிக்குத் தெரிந்து, புதிய இடத்தில் இரவில் எந்த வாசல் திறந்திருக்கும் என்று தெரியாமல் போனால், அவர் வண்டியைக் கேரளத்துப் பாறசாலைக்கு விடுவார். எல்லையைத் தாண்டிப் போவது நமக்குப் புதிதா என்ன? விளவங்கோடு வட்டத்தில் பாதிப் பேருக்குத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜின் வார்டு எண்கள் மனப்பாடம். உங்கள் நான்கு கட்டங்களில் ஆட்டோ ஸ்டாண்டே இல்லை.

பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும். நான் பணியில் இருந்தபோது ஓ.பி. (வெளிநோயாளர்) பதிவைக் கணினிக்கு மாற்றினார்கள். வெளியூரில் செய்து வந்த படிவம் அது. கதவு எண், தெருப் பெயர் இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. நம் மாவட்டத்தில் தெரு எங்கே இருக்கிறது? எல்லாம் விளைதான். மாவிளை, பனவிளை, புளியடிவிளை என்று தோப்பின் பெயரே முகவரி. பதிவுப் பெண் என்ன செய்வாள்? எல்லாருக்கும் கதவு எண் 1, மெயின் ரோடு என்று போட்டாள். கடற்கரையிலோ ஒரே பெயரில், ஒரே வயதில் நான்கு மரியாக்கள் ஒரே நாளில் வருவார்கள். பழைய பதிவறைக்காரர் அவர்களைத் தகப்பனின் பட்டப்பெயரை வைத்துப் பிரித்து வைத்திருந்தார். அவருடைய நோட்டைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது வாரம் ஒரு மரியாவின் ரத்தப் பிரிவு இன்னொரு மரியாவின் சீட்டில் ஏறியது. ரத்தம் ஏற்றுவதற்கு முன் வார்டில் மறுபடி சோதித்ததால் தப்பித்தோம். அதற்குப் பிறகு செவிலியர்கள் எல்லாவற்றையும் முதலில் தாளில் எழுதி, நைட் டூட்டியில் உட்கார்ந்து கணினியில் ஏற்றினார்கள். இரட்டை வேலை. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் "நூறு சதவீதம் கணினிமயம்" என்று இருந்தது. பதிவான நேரத்தை யாராவது பார்த்திருந்தால், எல்லாமே நடுச்சாமத்தில் ஏறியிருப்பது தெரிந்திருக்கும். ஒருவரும் பார்க்கவில்லை.

இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. லாஸ் ஏஞ்சல்ஸில் சீடர்ஸ்-சைனாய் என்ற பெரிய மருத்துவமனை, மருத்துவர்கள் மருந்துகளைக் கணினியில் எழுதும் முறையைக் கொண்டுவந்து, அவர்களுடைய எதிர்ப்பால் சில மாதங்களிலேயே, 2003 ஜனவரியில், நிறுத்தி வைத்தது. பணத்துக்கும் ஆளுக்கும் குறைவில்லாத இடம் அது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது செவிலியர் பயிற்சிகளில் நான் பலமுறை எடுத்துச் சொன்னது. அறுவைச் சிகிச்சைக்கு முன் சரிபார்க்கும் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்டது. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தார்கள், அவற்றில் ஒன்று புது டில்லியில் இருந்தது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-இல் முடிவு வந்தது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதே பட்டியலை எல்லா மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோனார்கள். 101 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்தபோது, 2014-இல் வந்த முடிவு வேறு: 0.71 என்பது 0.65 ஆனது, குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. தாள் அதே தாள்தான். ஏன் இப்படி என்று இன்றும் விவாதிக்கிறார்கள். என் அனுபவத்தில் தோன்றுவதைச் சொல்கிறேன்: மேலிருந்து உத்தரவாக வந்த பட்டியலில், கட்டத்துக்குள் டிக் விழும், அறுவை அரங்கில் ஒருவரும் வாய் திறந்து பேச மாட்டார்கள். பயிற்சி பெறும் செவிலியர் "டாக்டர், இது இடது கால் அல்லவா?" என்று தைரியமாகக் கேட்க முடிகிற இடத்தில்தான் அந்தத் தாளுக்கு உயிர்.

அந்தத் தைரியத்தைத் தலைவர்தான் கொடுக்க முடியும். உங்கள் பயிற்சி வகுப்பில், நிறுவனத்தில் மாற்றத்தைக் கொண்டுவர ஜான் கோட்டர் சொன்ன எட்டுப் படிகளைக் காட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன் (நம் நாகர்கோவில் கோட்டாறு அல்ல, கோட்டர், அமெரிக்கப் பேராசிரியர்). முதல் படி, அவசர உணர்வை உண்டாக்குவதாம். லேபர் ரூமில் வேலை பார்ப்பவர்களுக்கு அவசர உணர்வைப் படம் போட்டுக் காட்டிய உங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறேன்.

நான் பார்த்த ஒரு கண்காணிப்பாளர் வேறு மாதிரி. கணினிப் பதிவு குழம்பிக் கிடந்தபோதுதான் பொறுப்புக்கு வந்தார். ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பதிவு மேசையில் அவரே உட்கார்ந்துவிட்டார். மூன்று நாட்கள் சீட்டுப் போட்டார். முதல் நாள் பத்து மணிக்குள் கதவு எண் விவகாரம் அவருக்கு விளங்கிவிட்டது. நான்காம் நாள் எல்லாரையும் கூப்பிட்டார். "இந்த மாற்றத்தால் என்ன நன்மை என்று எனக்குத் தெரியும். யாருக்கு என்ன நட்டம் என்பதை நீங்கள் சொல்லுங்கள்" என்றார். பத்து நிமிடம் மௌனம். பிறகு பதிவறைக்காரர் எழுந்து, "ஐயா, ஆட்களை அடையாளம் தெரிந்தவன் என்றுதான் எனக்கு இங்கே மரியாதை. அதுதான் போய்விட்டது" என்றார். பரணில் இருந்த நோட்டு அன்று மாலையே கீழே வந்தது. படிவத்தில் விளைக்கு ஒரு இடமும், தகப்பனின் பட்டப்பெயருக்கு ஒரு இடமும் சேர்ந்தன. பதிவறைக்காரரே புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். சம்பளத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

இந்த முறை நட்டம் யாருக்கு? கிளையில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் நடந்து வருகிறவர்கள். இனி இரண்டு பஸ் மாற வேண்டும், இரவுப் பணி முடிந்து திரும்பும் பெண்ணுக்கு முதல் பஸ்தான் கதி. கிளைப் பொறுப்புச் செவிலியர், தலைமை மருத்துவமனையில் பத்தில் ஒருவராகிவிடுவார். கீழே இருப்பவர்கள் அவரைத் திட்டுவார்கள், மேலே இருப்பவர்கள் அவரிடம் விளக்கம் கேட்பார்கள். "யாருக்கும் பாதிப்பு இருக்காது" என்ற உங்கள் வரியைத்தான் அங்கே ஒருவரும் நம்பவில்லை. இன்ன இன்ன போகும், இன்னது போகாது, இன்னது இன்னும் முடிவாகவில்லை என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

நாள் குறித்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். நவம்பர் 1 என்று வைத்திருக்கிறீர்கள். 1956-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்த நாள், அதனால் "இணைப்பு நாள்" என்று பொருத்தமாக இருக்குமாம். மேடைக்குப் பொருத்தம்தான். ஆனால் நவம்பர் நமக்கு மழை மாதம். ஒக்கிப் புயல் வந்தது 2017 நவம்பர் கடைசியில்தான். மரம் விழுந்து சாலை அடைபட்டு, மின்சாரம் இல்லாமல் எத்தனை நாள் கிடந்தோம்? அப்படி ஒரு வாரத்தில், பழைய வார்டும் இல்லாமல், தாளும் இல்லாமல், கணினியை மட்டும் நம்பி ஒரு பிரசவத்தை நினைத்துப் பாருங்கள். டிசம்பரில் சவேரியார் திருவிழாவும் கிறிஸ்துமஸும் வரும், பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள். மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழா, அந்தப் பக்கத்துச் சாலையில் வண்டி நகராது. ஜனவரி கடைசி வாரம் வையுங்கள். வார்டும் கணினியும் ஒரே நாளில் வேண்டாம். வார்டு முதலில் மாறட்டும், கேஸ் ஷீட் மூன்று மாதம் கூடவே வரட்டும். அதுவரை கிளை வாசலில் இரவும் பகலும் ஒரு செவிலியரும் ஒரு ஆம்புலன்சும் நிற்கட்டும். தவறி அங்கே வந்து இறங்குகிறவள் ஒருத்தியாவது இருப்பாள்.

அடுத்த கூட்டம் காலை ஒன்பதரைக்கு என்று அறிந்தேன். ஆயாவுக்கு இந்த மாதம் முழுவதும் நைட் டூட்டி. காலை எட்டு மணிக்கு வேலை முடித்து, வீட்டுக்குப் போய்ச் சமைத்துவைத்துவிட்டுத்தான் தூங்குவார். கூட்டத்தை மாலை மூன்று மணிக்கு மாற்றினால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆட்டோ ஸ்டாண்டிலும் பேசிவிட்டேன், இரண்டு பேர் வருவார்கள். அழைப்புக் கடிதத்தில் மட்டும் "பங்குதாரர்" என்று போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.