எந்த முகவரியை எழுதுவது?

அன்பு மகளே,

நேற்று தொலைபேசியில் நீ கேட்டபோது, கைவேலையில் இருந்த அவசரத்தில், "இருக்கிற வீட்டு முகவரியையே எழுதிவிடேன்" என்று சொல்லிவிட்டேன். இரவு படுத்த பிறகு அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. உன் மொழிபெயர்ப்பு வேலைக்கான சுயதொழில் பதிவுப் படிவத்தில் 'தொழில் முகவரி' என்பது ஒரே ஒரு கட்டம்தான். அந்தக் கட்டத்தை யோசிக்காமல் நிரப்பி நான் பட்ட பாட்டை உனக்கு இதுவரை சொன்னதில்லை.

கணக்கு எழுதும் வேலையைத் தனியாகத் தொடங்கியபோது நாம் வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் வீட்டு முகவரியைப் பதிவில் கொடுத்தேன். இரண்டு வருடத்தில் வீடு மாறினோம். வங்கி, உன் பள்ளிக்கூடம், எரிவாயு இணைப்பு என்று எல்லா இடத்திலும் புது முகவரி கொடுத்தவள், தொழில் பதிவை மட்டும் மறந்துபோனேன். ஒரு நாள் அந்தத் தெரு வழியாகப் போகையில் பழைய வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் என்னைக் கூப்பிட்டு, மீட்டர் பெட்டியின் மேலிருந்து ஓர் உறையை எடுத்துத் தந்தாள். ஓரங்கள் பழுப்பேறி, மேலே தூசி படிந்திருந்தது. விரலால் துடைத்துப் பிரித்தேன். வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். பதில் தர வேண்டிய கடைசி நாள் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

அபராதத்தைக் கட்டிவிட்டேன், அது போகட்டும். அன்று வீட்டுக்காரரும் வாசலில் நின்றிருந்தார். "இங்கே தொழில் நடத்தினீர்களா அம்மா? என்னிடம் சொல்லவே இல்லையே" என்று கேட்டார். நம்மிடம் ஒரு மாதம்கூட முகம் சுளிக்காத மனிதர். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த வாசலை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே படிவத்தைத் தொடுவதற்கு முன் உன் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படி. 'குடியிருப்புக்கு மட்டும்' என்ற வரி அநேகமாக இருக்கும். அந்த வரி இருப்பதாலேயே மேசையில் கணினி வைத்து மொழிபெயர்க்கக் கூடாது என்று முடிவுகட்டிவிடாதே. ஆனால், கேட்காமல் செய்யலாம் என்றும் எடுத்துக்கொள்ளாதே. வீட்டுக்காரர்களின் பயம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. மின்சாரத்துக்கு வணிகக் கட்டணம் போட்டுவிடுவார்களோ, சொத்து வரி ஏறிவிடுமோ, கடை என்று சொல்லி இவள் காலி செய்ய மறுப்பாளோ, ஆட்கள் வந்துபோய் அக்கம்பக்கத்தார் முறையிடுவார்களோ என்றெல்லாம் நினைப்பார்கள். நீ எழுதும் கடிதம் அந்தப் பயங்களுக்குப் பதிலாக இருக்கட்டும். பெயர்ப் பலகை வைக்க மாட்டேன், வாடிக்கையாளர் யாரும் வர மாட்டார்கள், சரக்கு எதுவும் வைக்க மாட்டேன், வேலைக்கு ஆள் கிடையாது, காலி செய்யும்போது பதிவிலிருந்து இந்த முகவரியை எடுத்துவிடுவேன் என்று எழுது. உன்னால் காப்பாற்ற முடிந்ததை மட்டும் எழுது. எங்கேயாவது பலகை வைப்பது கட்டாயம் என்றால் அதையும் மறைக்காதே. இந்தியாவில் ஜி.எஸ்.டி. எனும் சரக்கு, சேவை வரிக்குப் பதிவு எடுத்தவர்கள் சான்றிதழைத் தொழில் இடத்தில் மாட்ட வேண்டும், பெயர்ப் பலகையில் பதிவு எண்ணைப் போட வேண்டும் என்று விதியே இருக்கிறது. அங்கே வாடகை வீட்டைக் காட்டிப் பதிய, ஒப்பந்த நகலோடு வீட்டுக்காரர் பெயரிலுள்ள மின் கட்டண ரசீதோ சொத்து வரி ரசீதோ கேட்பார்கள். அவருக்குத் தெரியாமல் செய்வதற்கு வழியே குறைவு.

அடுத்தது, நீ தனியாக இருக்கிறாய். அதனால் இதை நான் வலியுறுத்தியே எழுதுகிறேன். கொடுக்கும் முகவரியை யார் யார் பார்க்க முடியும் என்று கேட்டுத் தெரிந்துகொள். வரித்துறைக்கு மட்டும் தெரியும் முகவரி வேறு, ஊரே பார்க்கும் முகவரி வேறு. இன்னும் ஓரிரு வருடத்தில் நாடே மாறக்கூடும் என்கிறாயே, அதனால் சில இடத்து வழக்கத்தை வாசித்துப் பார்த்தேன். இந்தியாவில் ஜி.எஸ்.டி. எண் தெரிந்த எவரும் அரசு இணையதளத்தில் தேடி உன் தொழில் இடத்தைப் பார்த்துவிடலாம். பிரிட்டனில் தனிநபராகத் தொழில் செய்பவரின் வரிப் பதிவு பொதுப் பார்வைக்கு வராது. நிறுவனமாகப் பதிந்தால் அதன் முகவரி எல்லோருக்கும் திறந்திருக்கும். 2024 மார்ச் முதல் அந்த இடத்தில் தபால் பெட்டி எண்ணைக் கொடுக்கவும் முடியாது. ஜெர்மனியில் தொழிலுக்கென இணையதளம் வைத்தாலே பெயரையும் முகவரியையும் அதில் போட வேண்டும், அங்கேயும் தபால் பெட்டி செல்லாது. பணத் தகராறில் கோபமாக இருக்கும் ஒரு வாடிக்கையாளர் நீ தூங்கும் வீட்டின் கதவு எண்ணை அறிந்திருப்பதை நான் விரும்பவில்லை.

முகவரியையும் தபால் வாங்கும் சேவையையும் மட்டும் வாடகைக்குத் தரும் அலுவலகங்கள் இருக்கின்றன. மாதச் செலவுதான், ஆனால் உன்னைப் போலத் தனியாக இருக்கிறவர்களுக்கு அந்தச் செலவு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். சேருவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேள். பதிவு அலுவலகம் அந்த முகவரியை ஏற்குமா? வரும் கடிதத்தை எத்தனை நாளில் உன் கையில் சேர்ப்பார்கள்? பதில் தர அவகாசம் பெரும்பாலும் கடிதத்தின் தேதியிலிருந்தோ, அது அந்த முகவரியில் சேர்ந்த நாளிலிருந்தோ ஓடத் தொடங்கும். நீ பிரித்துப் படித்த நாளை அவர்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள். உன் கணக்காளரும் சில இடங்களில் கடிதப் போக்குவரத்துக்குத் தன் முகவரியைத் தருவார், அவரையும் கேட்டுப் பார்.

எங்கள் வீட்டு முகவரியைக் கொடுக்கட்டுமா என்றாயே, கண்ணு, கடிதம் வாங்கிவைக்க வேண்டுமானால் நானும் அப்பாவும் இருக்கிறோம். வேலை நடக்கும் இடம் என்று மட்டும் எழுதாதே. அது உண்மையில்லை. நேரில் பார்க்க ஓர் அதிகாரி வந்தால் இங்கே உன் மேசைகூட இல்லை. தவிர, பல பதிவுகள் இடத்தோடு கட்டுண்டவை, ஜி.எஸ்.டி.யே மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி.

காப்பீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. வீட்டுப் பொருளுக்கான காப்பீடு தொழில் கருவிகளுக்குச் செல்லாமல் போகலாம். வாடகையில் ஒரு பங்கைத் தொழில் செலவாகக் காட்ட முடியுமா என்பது கணக்காளர் சொல்ல வேண்டியது. வாடகை ரசீதுகளை மட்டும் இப்போதிருந்தே பத்திரப்படுத்து.

வீடு மாறும் நாள் வந்தால், சாமான் கட்டும்போதே பதிவு மாற்றத்தையும் பட்டியலில் முதல் வரியாக எழுது. ஜி.எஸ்.டி.யில் 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மற்ற இடங்களில் எத்தனை நாள் என்று பதியும்போதே கேட்டு, ஒப்பந்தக் கோப்பின் உள்ளட்டையில் குறித்துவை. பழைய வீட்டில் குடிவருகிறவரிடம் உன் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வா.

ஒப்பந்தத்தின் நகலை அனுப்பு, நானும் ஒரு முறை படிக்கிறேன். வீட்டுக்காரருக்கான கடிதத்தை நீயே எழுது, அனுப்புவதற்கு முன் எனக்கு வாசித்துக் காட்டு. அவர் பதில் வரும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா