7 நொடியில் பல் துலக்குவது எப்படி

அன்புள்ள மாப்ள,

முட்டி வலி தேவலாமா? இங்கே எல்லோரும் நலம். பையன் பரீட்சை எழுதிவிட்டான். முடிவு வந்ததும் நீ கேட்காமலேயே அவன் அம்மா உனக்குச் சொல்லிவிடுவாள். நலம் விசாரிப்பு முடிந்தது. இனி விஷயம். நம் கூட்டத்து டாக்டரிடம் நீ கொஞ்சம் பேச வேண்டும். நாங்கள் சொன்னால் கேட்கிற நிலையில் அவன் இல்லை. என்ன பேச வேண்டும் என்பது புரிய, முதலில் எங்கள் பைத்தியக்காரத்தனம் உனக்குப் புரிய வேண்டும்.

கொஞ்ச நாளாக நாங்கள் ஒரு விளையாட்டில் விழுந்து கிடக்கிறோம். வாத்தியார் கொண்டுவந்தது. துண்டுச் சீட்டுகளில் அன்றாட வேலைகளை எழுதிப் போடுவோம்: பல் துலக்குவது, ஷூ லேஸ் கட்டுவது, ஊசியில் நூல் கோப்பது, இந்த மாதிரி. ஒருவர் ஒரு சீட்டை எடுத்து, அந்த வேலையை எப்படிச் செய்வது என்று ஒரு நிமிடம் விளக்க வேண்டும். எதிரில் நிற்பவர் சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்து காட்ட வேண்டும். சொல்லாத எதையும் தானாகச் செய்யக் கூடாது. மணி அடித்ததும் அதே வேலையை மறுபடி 30 நொடியில் விளக்க வேண்டும். பிறகு 15. பிறகு 7. அவ்வளவுதான். புள்ளி கிடையாது, ஜெயிப்பது தோற்பது கிடையாது. இந்த வரியை மட்டும் மறக்காதே, பின்னால் வேண்டியிருக்கும்.

கேட்க அசட்டுத்தனமாக இருக்கிறதா? நெட்டையன் பல் துலக்கியதைப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டாய். ஒரு நிமிடமும் பேஸ்ட் டியூபின் மூடியைத் திறப்பதிலேயே போய்விட்டது. டியூபை எந்தக் கையில் பிடிப்பது, எந்த விரல் எங்கே, எந்தப் பக்கம் திருகுவது, இறுகியிருந்தால் என்ன செய்வது. மணி அடித்தது, பிரஷ் இன்னும் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. சரி, 30 நொடியில் திருந்துவான் என்று பார்த்தால் மறுபடி மூடி. 15 நொடியிலும் மூடி. 7 நொடி வந்ததும் வேகத்தில் மூடியைக் கற்பனையாகக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, மூடியைக் காணோம்!" என்று குனிந்து தேட ஆரம்பித்தான். எதிரில் இருந்த நானும் விதிப்படி குனிந்து தேடினேன். சிரிக்க வைக்கிற எண்ணம் அவனுக்குத் துளியும் இல்லை. உனக்குத் தெரியாததா? இவன்தானே அந்தக் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடித்த பிறகு சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தவன்.

வாத்தியாருக்கு வந்தது ஜிப். இத்தனை வருஷம் ஜிப் போட்ட மனிதர், "இரண்டு பக்கமும் பல் இருக்கும், கீழே அந்த, அது, அதற்குள் இது போகும்" என்பதோடு நின்றுவிட்டார். நேரம் குறையக் குறையப் பற்களும் போய்விட்டன. 7 நொடியில் மிச்சம் இருந்தது "அது! அதுக்குள்ளே! மேலே!" மட்டும். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உட்கார்ந்து ஒரு சொற்பொழிவு ஆற்றினார். 2002இல் ரோசன்பிளிட், கைல் என்று இருவர் இதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்களாம். ஜிப், பூட்டு, ஃப்ளஷ் டாங்க் இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டு, அவரவரையே மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு, சரி, இப்போது படிப்படியாக விளக்கி எழுதுங்கள் என்றார்கள். எழுதி முடித்துவிட்டு மறுபடி மதிப்பெண் போட்டபோது, பலர் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். "ஆகவே பிரச்சினை என்னிடம் மட்டும் இல்லை" என்று முடித்தார் வாத்தியார்.

அதற்கும் முன்னால், 1890இலேயே, வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதியிருக்கிறார்: எந்தக் காலுறையை முதலில் போடுகிறோம், கால்சட்டையில் எந்தக் காலை முதலில் விடுகிறோம் என்று திடீரென்று கேட்டால் அநேகம் பேருக்குப் பதில் வராது. கைக்கும் காலுக்கும் தெரியும், நமக்குத் தெரியாது. நீ இப்போது உன் காலைக் குனிந்து பார்க்கிறாய் என்பது எனக்குத் தெரியும்.

இந்த ஆட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது வேகம்தான். வேகமாக விளக்க இரண்டு வழி இருக்கிறது. நாக்கை ஓட்டலாம், இல்லையென்றால் சொல்லவேண்டியதைக் குறைக்கலாம். நாக்கை ஓட்டுகிறவன் 30 நொடி வரைதான் தாக்குப்பிடிப்பான். 15 வந்ததும் "பிரஷை வாயில் எடுத்துக் கையைத் துலக்கி" என்று உளறுவான். அது ஒருவகைச் சிரிப்பு, அதோடு சரி. 7 நொடிக்கு வந்துவிட்டால் எதையாவது தூக்கிப் போட்டே ஆகவேண்டும். எதைப் போடலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்க நேரம் இருக்காது. அங்கேதான் ஆள் வெளியே வருகிறான். நெட்டையனுக்கு மூடி. எனக்கு வந்த சீட்டு தூங்குவது எப்படி. ஒரு நிமிடத்தில் நிதானமாக விளக்கை அணைத்து, மூச்சை இழுத்து விட்டு, மிக அழகாகத் தூங்க வைத்தேன். 7 நொடியில் நான் கத்தியது, "படு! கண்ணை மூடு! யோசிக்காதே! ஏன் யோசிக்கிறே?" என் மனைவி அன்று சிரித்த சிரிப்பில் கொஞ்சம் பழிவாங்கல் இருந்தது.

இந்த மாதிரி நாடக விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டி ஒருத்தி இருக்கிறாள் என்று வாத்தியார் சொன்னார். வயோலா ஸ்போலின், சிகாகோக்காரர். பிள்ளைகளிடம் "நடி" என்று சொன்னால் விறைத்துக்கொள்கிறார்கள், ஒரு விளையாட்டைக் கொடுத்து அதிலே தீர்க்கவேண்டிய சிக்கல் ஒன்றை வைத்துவிட்டால் தங்களை மறந்துவிடுகிறார்கள் என்று கண்டுகொண்டவர். 1963இல் அதையெல்லாம் புத்தகமாகப் போட்டார். அவர் மகன்தான் 1959இல் செகண்ட் சிட்டி என்ற நகைச்சுவைக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது அந்த மறப்பதுதான். மணி ஓடும்போது மூடியைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை என்று நெட்டையன் நம்புகிறான் பார், அதுதான் வேடிக்கை. வேடிக்கை காட்ட நினைத்த அடுத்த நொடி அது செத்துவிடும்.

நிரூபணம் வேண்டுமா? டாக்டரின் ஷூ லேஸ். போன வாரம் வந்தவன் சீட்டுப் பெட்டியைக் குலுக்காமல் நேராக மேலே இருந்ததை எடுத்தான். அப்போதே எனக்குச் சந்தேகம். 60, 30, 15, 7, எல்லாம் கச்சிதமாக நொடி பிசகாமல் வந்தது. எதுகை மோனை வேறு. நாங்கள் மரியாதைக்குக் கைதட்டினோம். இவன் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருக்கிறான் மாப்ள! அவன் பெண்ணே எங்களிடம் போட்டுக்கொடுத்தாள்.

இனி நான் எழுதப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி.

நாம் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறோமே, அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும், அதிலிருந்து அக்காவே பார்த்துக்கொள்வதும் உனக்குத் தெரியும். அன்று நாங்கள் கூப்பிட்டதே, ஒரு சாயங்காலமாவது வெளியே வரட்டும் என்றுதான். அவருக்கு வந்த சீட்டு சட்டை போடுவது. எதிரில் நெட்டையன். அவன் விறைப்பாக நின்றான். அக்கா முதலில் சொன்னது, "நிக்காதே, உட்காரு." எல்லோரும் சிரித்தோம். "சட்டையை மடியில் விரி. காலர் முட்டிப் பக்கம் இருக்கட்டும். பலமில்லாத கையை முதலில் விடு." "எது பலமில்லாத கை?" என்றான். "இடது." இவன் உடனே இடது கையைத் துவண்டு தொங்க விட்டான். "இழுக்காதே, கையைப் பிடித்து இழுத்தால் தோள் வலிக்கும். துணி முழங்கைக்கு மேலே ஏறட்டும். அவசரம் இல்லை." மணி அடித்துவிட்டது, பொத்தானுக்கே இன்னும் வரவில்லை. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அவருக்கும்தான். 30 நொடியில் ஒரு படியையும் விடாமல் சொல்லப் பார்த்தார். 15இல் பொத்தானை விட்டார், காலரை விட்டார். 7 நொடியில் சொன்னது இவ்வளவுதான்: "பலமில்லாத கை முதலில். மற்றது பிறகு. கோபப்படாதே."

சொல்லி முடித்த பிறகும் நேரம் மிச்சம் இருந்தது. எங்கள் ஆட்டத்தில் அப்படி யாருக்கும் மிஞ்சியதில்லை. நெட்டையன் ஒரு கையைத் தொங்கவிட்டபடி, "நான் கோபப்படலையே அக்கா" என்றான், ரொம்ப உண்மையாக. அதற்கு அவர் சிரித்தது இருக்கிறதே, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம், ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "கழற்றும்போது தலைகீழ், நல்ல கைதான் முதலில் வெளியே வரணும். அதுக்குத் தனியா ஒரு சீட்டு போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது டாக்டருக்கு வருவோம். அவன் மனைவி வேலை செய்யும் இடத்தில் ஆண்டு விழா. எங்கள் ஆட்டத்தை மேடையில் நடத்துவதாக இவன் யாரையும் கேட்காமல் ஒப்புக்கொண்டுவிட்டான். அது போகட்டும். புள்ளிப் பட்டியல் தயார், நடுவரும் அவனே. யார் எந்தச் சீட்டை எடுப்பது என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது. நெட்டையனை மூடியைத் தேடிப் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறான், அவன் பாவம் இப்போது எதைத் தேடுவதென்று தெரியாமல் முழிக்கிறான். கடைசி நிகழ்ச்சி அக்காவின் சட்டை. அன்று சொன்னதை அப்படியே சொல்ல வேண்டுமாம், "கோபப்படாதே"வுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டு!

நான் சண்டை போட்டேன். போட்டி வைத்தால் என்ன தப்பு, கீத் ஜான்ஸ்டன் என்ற நாடக ஆசான் 1977இல் கனடாவின் கால்கரியில் தொடங்கிய தியேட்டர் ஸ்போர்ட்ஸ் என்ற ஒத்திகையில்லா நாடகப் போட்டியில் அணி, நடுவர், மதிப்பெண் எல்லாம் உண்டே என்று எதிர்வாதம் செய்தான். உண்டுதான். மல்யுத்தப் பந்தயத்தில் கூட்டம் கத்துகிற கத்தலைப் பார்த்து, நாடகத்துக்கும் அது வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். ஆனால் அங்கே நடுவரைப் பார்த்துக் கூட்டமே கூச்சல் போடும், அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி. இங்கே டாக்டரைப் பார்த்து யார் கூச்சல் போடுவது? அதே ஜான்ஸ்டன்தான், கெட்டிக்காரத்தனமாக எதையும் தேடாதே, முதலில் தோன்றுவதைச் சொல் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டவர். அந்தப் பக்கத்தை மட்டும் இவன் படிக்கவில்லை.

என் உண்மையான கவலை அது இல்லை. அக்காவிடம் கேட்டேன், "பார்க்கலாம்" என்றார். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன பொருள் என்று எனக்குப் பிடிபடவில்லை. டாக்டரின் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொன்னாரா? அல்லது நாள் முழுக்க ஒரு அறைக்குள் தான் செய்யும் வேலையை நாலு பேர் பார்த்துக் கைதட்டினால் என்ன என்று உள்ளுக்குள் நினைக்கிறாரா? அப்படி நினைத்தால் அதை மறிக்க நான் யார்? இரண்டு இரவாக இதையே உருட்டிக்கொண்டிருக்கிறேன் (யோசிக்காதே, ஏன் யோசிக்கிறே). அவர் மேடை ஏறுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த மூன்று வாக்கியத்தை எழுதிக் கொடுத்து, இடைவெளி விடச் சொல்லி, அவர் வாயிலேயே திணிப்பதுதான் பொறுக்கவில்லை.

ஆகவே நீ டாக்டரிடம் பேசு. மேடை இருக்கட்டும். சீட்டுகளைப் பார்வையாளர்களே எழுதிப் போடட்டும், யாருக்கு எது வருகிறதோ வரட்டும். அக்காவுக்குக் குடை மடக்குவது வந்தால் குடை மடக்கட்டும், சட்டையே வந்தால் அவர் இஷ்டம். புள்ளிப் பட்டியல் அவனுக்கு அவ்வளவு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும், அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். நீயும் கிளம்பி வா. நேராகப் போய் வலது பக்கம் திரும்பு என்று சொல்ல உனக்குக் கால் மணி நேரம் ஆகும். 7 நொடியில் நீ என்ன ஆவாய் என்று பார்க்க இங்கே எல்லோரும் காத்துக் கிடக்கிறார்கள்.

விழாவுக்கு முன்னால் பதில் வேண்டும். "ஆகட்டும் பார்ப்போம்" என்று ஒற்றை வரி எழுதாதே. முக்கியமாக, நான் எழுதினேன் என்று டாக்டரிடம் மூச்சு விடாதே. விட்டால், அந்த லிஃப்ட் சமாசாரம் உன் மனைவி காதுக்கு இன்னும் போகவில்லை என்பதை நினைத்துக்கொள்.

அன்புடன்,
கணக்குப்பிள்ளை