எஸ்பிடிலாக் பொதியும் மற்ற சேதிகளும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. மீனாவுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது கண்ணாடி போட்டுப் பேப்பர் படிக்கிறார். உன்னை விசாரித்தார்.

என்ன வேலை ஓடுகிறது என்று கேட்டிருந்தாய். எங்கள் ஆய்வகத்துக்காக டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தை வைத்துக் கட்டும் லினக்ஸில் எஸ்பிடிலாக்கைப் பேக்கேஜ் செய்கிறேன், அதாவது நேராக நிறுவக்கூடிய பொதியாக்குகிறேன். சி பிளஸ் பிளஸ் நிரல்கள் லாக், அதாவது ஓடும்போது நடப்பவற்றின் குறிப்பு, எழுத உதவும் லைப்ரரி அது. அதன் ஹெடர் ஃபைல்களை மட்டும் நிரலில் சேர்த்தாலே ஓடும், லைப்ரரியைத் தனியாகக் கட்ட வேண்டாம். எழுதுகிறவர்களுக்கு அது சௌகரியம், விநியோகிக்கிற நமக்குத் தலைவலி. அதன் நிரல்வரிகள் ஒவ்வொரு நிரலுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். நாளை ஒரு ஓட்டையை அடைத்தால் அத்தனை நிரல்களையும் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும். அதனால் எல்லா நிரல்களும் பொதுவாக எடுத்துக்கொள்ளும் ஷேர்டு லைப்ரரியாகத்தான் கட்டுகிறேன்.

அதோடு, எழுத்தை வடிவமைத்துத் தரும் எஃப்எம்டி லைப்ரரியின் நகல் ஒன்றும் எஸ்பிடிலாக்குக்குள்ளேயே வருகிறது. இப்படி உள்ளே ஒட்டிவரும் நகல்களைத் தவிர்க்கச் சொல்கிறது டெபியன் பாலிசி. கட்டுமானத்தை நடத்தும் சிமேக் கருவியில் ஒரு ஆப்ஷன் போட்டால் சிஸ்டத்தில் இருக்கும் எஃப்எம்டியையே எடுத்துக்கொள்ளும். அங்கேதான் விஷயமே இருக்கிறது. கட்டி முடித்த லைப்ரரியின் சிம்பல்களை, அதாவது மற்ற நிரல்கள் அதிலுள்ள ஃபங்ஷன்களைத் தேடும் பெயர்களை, என்எம் கட்டளையில் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெயர்களுக்குள்ளேயே எஃப்எம்டியின் வி9 என்ற எண் ஏறியிருக்கிறது. சிஸ்டத்தில் எஃப்எம்டி 10க்கு மாறினால் அது வி10 ஆகிவிடும். எஸ்பிடிலாக்கின் பதிப்பு மாறாவிட்டாலும், அதைத் திரும்பக் கட்டியதும் பழைய நிரல்கள் தேடும் சிம்பல் அங்கே இருக்காது. இதற்காகவே டெபியனில் டிபென்டன்சியின், அதாவது ஒரு நிரல் தனக்குத் தேவை என்று கேட்கும் பொதியின், பெயரிலேயே எஃப்எம்டியின் எண்ணையும் சேர்த்துவிடுகிறார்கள். நானும் அதையே செய்கிறேன். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பார்!

2021 டிசம்பர் உனக்கு மறந்திருக்காது. ஜாவா நிரல்களுக்கான லாக் லைப்ரரியான லாக்4ஜேயில் லாக் வரியில் வந்த எழுத்தை வைத்தே வெளியாள் உள்ளே புகலாம் என்று தெரிந்தபோது, திருத்திய பதிப்பு சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் ஜாவா நிரல்களைக் கட்டிவைக்கும் ஜார் ஃபைலுக்குள் ஜார், அதற்குள் இன்னொன்று என்று எங்கெங்கே நகல் கிடக்கிறது என்று தேடித்தான் ஊரே தூக்கம் கெட்டது. லாக் லைப்ரரி எல்லா நிரலிலும் இருக்கும், வெளியிலிருந்து வரும் எழுத்தையெல்லாம் அதுதான் தொடும். அதை ஒரே இடத்தில் வைத்தே தீர வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பொதியில் குறை தேடும் லின்டியன் கருவியின் சோதனை கிட்டத்தட்டச் சுத்தமாகிவிட்டது, காப்பிரைட் ஃபைல் மட்டும் பாக்கி. உன் ராஸ்பெர்ரி பை குட்டிக் கணினி சும்மா இருந்தால், அதன் ஏஆர்எம்64 பிராசஸருக்கான பில்டை அதில் ஒருமுறை ஓட்டிப் பாரேன். சோர்ஸ் பேக்கேஜை இந்த வாரம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
முருகேசன்